நிற்க வைத்தும் பிரஷர் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் இரத்தக் கொதிப்பு பற்றி வந்த கட்டுரையில் உப்பு, ஊறுகாய், நடைப்பயிற்சி எல்லாம் இருந்தன. மூளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. சித்திரையில் ஒருநாள் வளவில் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாரோ கூப்பிட, சட்டென்று எழுந்தார்கள். கண் இருட்டி, தூணைப் பிடிக்கப் போய்க் கை நழுவி, ஆத்தங்குடிக் கல்லில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. முந்தின வாரம்தான் ஒரு முகாமில் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, "130க்கு 80, நல்லா இருக்கு ஆச்சி" என்று அனுப்பியிருந்தார்கள்.

கட்டுப் போட்ட டாக்டர், படுக்கவைத்து ஒரு தரமும், நிற்கவைத்து ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் பிரஷர் பார்த்தார். 132 இருந்தது 104 ஆகிவிட்டது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம்.

அவர் விளக்கியது இது. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும், குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறது என்று உணரும் நரம்பு முனைகள் உண்டு. அந்தச் சேதி மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளத்துக்குப் போகிறது. அங்கே ஒரு நரம்பணுக் கூட்டம், இரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லி ஓயாமல் உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதை அடக்கிவைக்க இன்னொரு கூட்டம். அழுத்தம் ஏறினால் அடக்குகிற பிடி வலுக்கும். இறங்கினால் தளரும், உடனே குழாய்கள் இறுகும், இதயம் வேகமாக அடிக்கும். எல்லாம் சில நொடிகளில்! வயதானால் தமனிச் சுவர் விறைத்து அந்தச் சேதியே மந்தமாகிறது; நாள்பட்ட சர்க்கரை நரம்புகளையும் கெடுக்கிறது.

இது தெரியாமல், விழுவதற்கு முன்பு "வயசாச்சுல்ல, கிறுகிறுக்கத்தான் செய்யும்" என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டோம். அது இன்னமும் மனதை அறுக்கிறது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய பெரிய வீடுகளில் முதியவர்கள்தான் தனியே இருக்கிறார்கள். விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. முகாம் நடத்துகிறவர்கள் 60 வயது தாண்டியவர்களை நிற்கவைத்தும் ஒரு தரம் பார்க்கட்டும். மூன்று நிமிடம்தான் கூடுதல். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும். அப்பத்தாவுக்கு மாற்றித் தந்திருக்கிறார். இப்போதெல்லாம் கட்டிலில் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் எழுகிறார்கள்.

கட்டுரையாளரிடம் சொல்லி இதையும் எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்