பேர்ட்ஸ்வில் சாலையில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

கடந்த ஜூலை மாதம், தென் ஆஸ்திரேலியாவின் மரீயிலிருந்து குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை செல்லும் 517 கிலோமீட்டர் மண் சாலையில், நான்கு நாள் கூடாரப் பயணமென்று கிளம்பி எட்டாம் நாள் போய்ச் சேர்ந்த அடிலெய்டு குடும்பம் நாங்கள். முகவரி தெரிந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டோம். ஆயினும், அடுத்த குளிர்காலத்தில் அதே சாலையில் போகவிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில எங்களிடம் விவரம் கேட்டுக்கொண்டிருப்பதால், யாருக்கு எதற்காகக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை எங்கள் தவறுகளையும் மறைக்காமல் இங்கே சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, முதல் இரவே எங்கள் கூடாரத்தருகே வந்து நின்ற பண்ணைக்காரருக்கு. மரீயைத் தாண்டி வடக்கே போகையில், டிங்கோ என்னும் காட்டுநாய்களைத் தடுக்க 5,600 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் டிங்கோ வேலியைச் சாலை கடக்கிறது. வேலிக்குத் தெற்கே ஆடு, வடக்கே மாடு என்பது அந்த நாட்டுக் கணக்கு. வடக்கே வந்ததும் இருட்டத் தொடங்கவே, ஆழ்துளைக் கிணற்று நீர் நிரம்பிய தொட்டி ஒன்றைக் கண்டு, தண்ணீர் பக்கத்திலேயே கிடைத்ததென்று மகிழ்ந்து இருபதடி தள்ளிக் கூடாரம் அடித்தோம். காங்கேயத்தில் ஆயுள் முழுதும் மாடு வளர்த்தவரும், எங்களைப் பார்க்க விடுமுறைக்கு வந்திருந்தவருமான என் தந்தை, தொலைவில் புதர்களுக்கிடையே தலை தூக்கி நின்ற முப்பது நாற்பது மாடுகளைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு வந்த மாடு நம்மளப் பார்த்து மிரண்டு நிக்குது கண்ணு, வேற பக்கம் போயிரலாம்" என்றார். ஒரு நாள் இரவுதானே என்று நான்தான் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் தொட்டியைப் பார்வையிட வந்த பண்ணைக்காரர் அதையே சொன்னார்: பல கிலோமீட்டர் நடந்து வந்த மாடு குடிக்காமல் திரும்பினால், பக்கத்தில் அதற்கு வேறு தண்ணீர் இல்லை. அவர் நிலத்தில், அவர் அனுமதியின்றி, அவர் மாட்டின் வழியை மறித்திருந்த எங்களிடம் குரலைக்கூட உயர்த்தாமல், தம் வண்டியின் விளக்கொளியில் முளைகளைப் பிடுங்கிக் கொடுத்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி நல்ல மேட்டு நிலத்தைக் காட்டினார். அதன்பின் அவரும் என் தந்தையும், பொதுவாக ஒரு மொழியும் இல்லாமலேயே, மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வது பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே பண்ணை என்றால் நம் மனத்தில் தோன்றும் அளவு அல்ல. வழியிலுள்ள கிளிஃப்டன் ஹில்ஸ் பண்ணை மட்டுமே ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர், அதாவது இலங்கையின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு. இவ்வளவு பரப்பில் தொட்டிகள் சிலவே என்பதை எண்ணும்போதுதான் எங்கள் தவறின் எடை விளங்கியது.

வழியிலுள்ள முங்கரனி என்னும் தங்குமிடத்தைத் தாண்டிய பிறகு, கூரிய கற்கள் பரவிய பகுதியில், ஒரே பிற்பகலில் இரண்டு டயர்கள் கிழிந்தன. எங்களிடம் இருந்த ஸ்டெப்னியோ ஒன்றே. நகரச் சாலைக்குரிய காற்றழுத்தத்தைக் குறைக்காமல் வேகமாக ஓட்டியதே காரணம். நடந்தே போய் உதவி கேட்பதாக என் கணவர் புறப்பட்ட வேளையில், வண்டிகள் ஒன்றோடொன்று பேசும் இருவழி வானொலியின் 40ஆம் அலைவரிசையில் எங்கள் பேச்சைக் கேட்ட, ரோடு டிரெயின் என்னும் பல பெட்டிகள் இழுக்கும் லாரியின் ஓட்டுநர் ஒருவர், "வண்டியை விட்டு நகராதீர்கள்" என்றார். 1963 டிசம்பரில் இதே சாலைப் பகுதியில் வண்டி நின்றுபோய் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பமே தாகத்தால் இறந்ததைப் பின்னர்தான் அறிந்தோம். ஏற்றிய மாடுகளை வழியில் நிறுத்திவைப்பது அவற்றுக்கு நல்லதல்ல என்றபோதும், மூன்று இழுவைப் பெட்டிகள் நிறைய மாடுகளோடு வந்த அந்த மனிதர் நின்றார். மாடு ஏதும் கீழே விழுந்து மிதிபடுகிறதா என்று பெட்டி பெட்டியாகப் பார்த்துவிட்டு, எங்களுக்கு இரண்டு கேன் தண்ணீரை இறக்கினார். பின்னால் வருபவர்களுக்கும் வானொலியில் சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கேட்டு வந்தவர்கள்தான், கேரவன் இழுத்துக்கொண்டு தெற்கே சென்றுகொண்டிருந்த முதிய தம்பதியர். எங்கள் வண்டிக்குப் பொருந்தும் சக்கரம் அவர்களிடம் உபரியாக இரண்டு இருக்க, ஒன்றைக் கழற்றித் தந்தார்கள். அதே கற்கள் அவர்களுக்கு முன்னாலும் கிடந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரியவர் மண்டியிட்டு அமர்ந்து, நான்கு சக்கரங்களிலும் காற்றை எவ்வளவு இறக்குவது என்று என் மகனுக்குக் கற்றுத் தந்தார்.

மறுநாள் பெய்த மழையில் சாலை மூடப்பட்டது. பணியாளர் கொட்டகையில் நான்கு இரவுகள் எங்களைத் தங்கவைத்த பண்ணை வீட்டு அம்மையார் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் தோட்டத்துப் பூசணிக்காயில் நாங்கள் வைத்த சாம்பாரை மட்டும் ஏற்றுக்கொண்டார். ஈரம் காயுமுன் கிளம்ப நாங்கள் துடித்தபோது, ஈர மண்ணில் பதியும் சக்கரத் தடம் காய்ந்து இறுகினால் பின்னால் வரும் எல்லோருக்கும் அது பள்ளமாகும் என்று விளக்கித் தடுத்தவர், சாலை சீரமைக்கும் கிரேடர் ஓட்டுநர். அவருக்கும் எங்கள் நன்றி.

கடன் வாங்கிய சக்கரத்தைப் புது டயர் மாட்டித் தம்பதியரின் வீட்டிலேயே ஒப்படைத்தோம்; பழைய டயருக்குப் புதியது எதற்கு என்று கடிந்துகொண்டார்கள். ஆனால் ரோடு டிரெயின் ஓட்டுநரின் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவருடைய இரண்டு நீலக் கேன்களும் கழுவிக் கவிழ்த்தபடி எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. அந்தச் சாலையில் போகிறவர்கள் 40ஆம் அலைவரிசையில் மாடு ஏற்றி வரும் ஓட்டுநர் யாரையேனும் கேட்க நேர்ந்தால், ஜூலையில் முங்கரனிக்கு வடக்கே தண்ணீர் கொடுத்தவர் அவர்தானா என்று விசாரித்து, கேன்களை எங்கே கொண்டுவந்து தரலாம் என்று எங்களுக்காகக் கேட்டுச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
அடிலெய்டிலிருந்து அந்தக் குடும்பத்தார்