ஓரியூர் வறண்ட ஊர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த, எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் புனித அருளானந்தர் திருவிழாக் கட்டுரையை வீட்டில் சத்தமாக வாசித்தேன். "வறண்ட பூமியில் ஒருநாள் கிடா விருந்து" என்ற வரி வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தை ராமநாதபுரத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையையும் கண்மாயையும் நம்பி வெள்ளாமை செய்து, தையில் அறுத்து முடிக்கிற கையோடு வருவது பிப்ரவரி 4 திருவிழா. அப்பா இருந்தவரை முதல் பொலியில் ஒரு மரக்கால் நெல்லை அருளானந்தருக்கு என்று தனியாக அளந்து கட்டிவைப்பார், வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அதைத் தொடமாட்டோம். அதைக் குத்திய அரிசியில்தான் ஓரியூரில் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைப்போம். திரும்பும்போது ஒரு பிடி செம்மண் எடுத்துவந்து விதைநெல்லோடு போடுவோம். 1693-ல் அவரை வெட்டிய இடத்து மண் அது, அவர் ரத்தத்தில் சிவந்தது என்பது எங்கள் நம்பிக்கை.

2016-ல் மழை பொய்த்துப் பயிர் கருகியது. அந்தத் திருவிழாவுக்கு அம்மா கதிர் வைக்காத தாளை ஒரு பிடி அறுத்து, சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துப்போய் சாமி முன்னால் வைத்தார். அதையெல்லாம் எழுத உங்களுக்கு ஒரு வரிகூட இல்லையா?

கிடா வெட்டுகிறோம், உண்மைதான். அது நேர்ச்சை. சிலுவை போடாதவர்களும் கிடா கொண்டுவருகிறார்கள், எல்லாரும் ஒரே பொட்டலில் இலை போட்டு உட்காருகிறோம்.

எங்கள் மாவட்டம் என்றாலே உங்களுக்குக் காலிக்குடம்தான். 2023-ல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நாலு வரியில் முடித்தீர்கள், அடுத்த மாதமே தண்ணீர் லாரி படத்தை முழுப்பக்கம் போட்டீர்கள். இருபது வருஷமாக சந்தா கட்டுகிறவன் என்பதால் மனசு கேட்காமல் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், நீங்கள் எழுதியதுபோல் அருளானந்தர் இத்தாலிக்காரர் இல்லை. அது வீரமாமுனிவர். இவர் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, 1947-ல் புனிதர் பட்டம் பெற்றவர். அதை மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்திப் போடுங்கள். வருகிற வருஷம் உங்கள் நிருபரை 3-ம் தேதி சாயங்காலமே அனுப்புங்கள், எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாடானை வட்டம்