வேலூர்ப் புரட்சிக்கு முந்தைய மாதங்களை விளக்கும் தமிழ்ப் பலகை அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வேலூர்.

பொருள்: 1806 வேலூர்ப் புரட்சிக்கு முன் சிப்பாய்களிடையே வளர்ந்த அதிருப்தியை விளக்கும் பலகை அமைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணியில் இருந்த காலத்தில் மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், அங்கே இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த 1806 ஜூலை 10 என்ற தேதி அவர்களுக்கு மனப்பாடமாக இருந்ததையும், "ஏன் சார் திடீர்னு சுட்டாங்க?" என்ற கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் எழுந்ததையும் கண்டிருக்கிறேன். திடீரென்று எதுவும் நடக்கவில்லை என்பதைச் சொல்லும் பலகை ஒன்று வேண்டும் என்பதே இம்மனுவின் நோக்கம்.

1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்கின் ஒப்புதலோடு வந்த புதிய விதிகள், அணிவகுப்பின்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் கத்தரிக்க வேண்டும் என்று கூறின. பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் சின்னம் பொருத்திய, ஐரோப்பியர் தொப்பி போன்ற புதுத் தலையணியும் வந்தது. அன்றைய பேச்சில் தொப்பிக்காரர் என்றாலே வெள்ளைக்காரர்தான். ஆகவே அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் போகும் சிப்பாயை உறவினர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதிலிருந்த சின்னம் எந்த விலங்கின் தோல் என்ற ஐயம் இந்து, முஸ்லிம் இருதரப்புச் சிப்பாய்களுக்கும் இருந்தது.

1806 மே மாதத்தில் இதே கோட்டையில் சிப்பாய்கள் அந்தத் தலையணியை ஏற்க மறுத்தனர். இராணுவ நீதிமன்றம் இந்து ஒருவருக்கும் முஸ்லிம் ஒருவருக்கும் தலா 900 கசையடி விதித்தது; மேலும் 19 பேருக்கு விதித்த 500 கசையடி, அவர்கள் மன்னிப்புக் கேட்ட பின் கைவிடப்பட்டது. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி உருவாகிறது என்று தம் மேலதிகாரியிடம் நேரில் சொன்னபோது, அவரைப் பைத்தியக்காரர் என்று கூறி அடைத்துவைத்தார்கள். திப்பு சுல்தானின் குடும்பத்தார் கோட்டைக்குள் காவலில் இருந்தது கிளர்ச்சிக்கு வலுச் சேர்த்தது உண்மைதான். ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்வது, சிப்பாய்களின் குறையைக் காதில் வாங்காதவர்களுக்கு வசதியான விளக்கம் என்பது என் கருத்து. புரட்சி அடங்கிய பின் அந்த விதிகள் கைவிடப்பட்டன. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

எனவே, மேற்கண்ட எட்டு மாத நிகழ்வுகளைத் தேதி வாரியாக, பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கும் உயரத்தில், பெரிய எழுத்தில் தமிழில் சொல்லும் பலகை ஒன்றைக் கோட்டை நுழைவாயில் அருகே அமைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதை அறிவேன். ஆகவே தாங்கள் அத்துறைக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்பினாலும் போதும், அல்லது மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத்தூண் அருகிலேயே பலகையை வைக்கலாம். பலகைக்கான வாசகத்தை எழுதித் தரவும், வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் சரிபார்த்துத் திருத்தினால் ஏற்றுக்கொள்ளவும் தயாராக இருக்கிறேன். வரும் ஜூலை 10-க்குள் பலகை அமைந்தால், அன்று அஞ்சலி செலுத்த வரும் மாணவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: காட்பாடி