வழிகாட்டி ஆசிரியர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கிய பிறகு, பிளஸ் டூவுக்குப் பின் என்ன படிக்கலாம் என்ற தகவல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஓரளவு போய்ச் சேர்கிறது. ஆனால், நடத்தும் பாடம் எந்த வேலைக்கு உதவும் என்பதை, மேற்படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்லும் வழிகாட்டி ஆசிரியர் சொல்லிப் பயனில்லை. அந்தப் பாடத்தை நடத்துபவரே சொல்ல வேண்டும். அவருக்கான பயிற்சியைத் தொழிற்கூடத்தில்தான் தர முடியும்.

திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற அளவு) பார்க்க, வட்ட கட்டரால் ஒரு துண்டு வெட்டி எடை போடுகிறார்கள். 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். ஏன் நூறால் பெருக்க வேண்டும்? கட்டரின் விட்டம் 11.28 செ.மீ., பரப்பு 100 சதுர செ.மீ., அதாவது சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. வட்டத்தின் பரப்பும் அலகு மாற்றமும் அந்தத் துண்டிலேயே இருக்கின்றன.

சாயப்பட்டறையில் வேதியியலுக்கு இன்னும் தீனி உண்டு. 100 கிலோ பருத்தித் துணிக்கு 2 சதவீதச் சாயம் என்றால் 2 கிலோ. துணிக்கும் தண்ணீருக்கும் 1:8 விகிதம் என்றால் தண்ணீர் 800 லிட்டர். லிட்டருக்கு 50 கிராம் வீதம் உப்பு 40 கிலோ. சோடா ஆஷ் என்ற காரப்பொருளைச் சேர்த்து பிஎச் 11-ஐ ஒட்டி வந்தால்தான் சாயம் நூலைப் பிடிக்கும். அவசரப்பட்டு அதை மொத்தமாகக் கொட்டினால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். உப்போ துணியில் தங்காமல் கழிவுநீரில் போய்விடும். 2011இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது ஏன் என்று மாணவருக்கு இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இப்போது ‘தொழிற்சாலைப் பார்வை’ என்ற பெயரில் நாற்பது ஆசிரியர்களைப் பேருந்தில் ஏற்றிப் போனால், மனிதவள அதிகாரி ஷோரூமைக் காட்டி டீ கொடுத்து அனுப்பிவிடுவார். மெஷின் சத்தத்தில் பின்னால் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. போட்டோ மட்டும் ஃபைலில் ஏறும். மூன்று நான்கு பேராக, இரண்டு நாள், லேப் டெக்னீஷியனோடோ டையிங் மாஸ்டரோடோ நிற்க வைக்க வேண்டும். எந்தப் பாடத்துக்காகப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம். ஷிப்மென்ட் நெருக்கடியில் யாரும் பேச மாட்டார்கள். அங்குள்ளவர்கள் என்ன படித்தார்கள், எந்தச் சம்பளத்தில் சேர்ந்தார்கள், அடுத்த பதவிக்கு என்ன தகுதி என்பதையும் கேட்டு எழுதி வரட்டும். மூன்றாம் நாள் வட்டார வள மையத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பாடவேளைக்கான குறிப்பைத் தயாரித்தால் போதும்.

இந்த மூன்று நாளையும் பணிநாளாகக் கணக்கிட்டுப் பயணப்படியும் தர முதன்மைக் கல்வி அலுவலர்கள் முன்வர வேண்டும். விடுமுறையில் போகச் சொன்னால் யாரும் போக மாட்டார்கள்.

– வாசகர், திருப்பூர்