துவைத்த பிறகு பேசுவோம்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சடித்த துணிப்பையின் படங்களைப் பார்த்தேன். மாங்காய் வடிவம் எடுப்பாக இருக்கிறது. ஆனால் ஓரமெல்லாம் மசிந்திருக்கிறது. முதல் சலவையிலேயே நிறம் பாதி போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறாய். பெயிண்ட் விற்ற கடைக்காரரைத் திட்டாதே, பாவம்.

ஓரம் மசிவது கைவேலை. பெயிண்டை இழுக்கிற ரப்பர் பட்டையை, அந்த ஸ்குவீஜியை, அழுத்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்திருப்பாய். திருப்பூரில் டேபிளுக்குப் புதிதாக வருகிற பையன்களும் அப்படித்தான், பெயிண்ட் இறங்கவில்லையோ என்று பயம். சட்டத்தில் மெஷ் என்கிற வலைத்துணி கட்டிய ஸ்கிரீன், அச்சடிக்கிற துணிமேல் படிந்து கிடக்கக் கூடாது. சட்டத்தின் நான்கு மூலையிலும் அட்டைத் துண்டு ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கிவை. ஸ்குவீஜியைச் சற்றே சாய்த்து ஒரே சீராக இழு. அது கடந்த இடத்தில் மெஷ் தானாகத் துணியை விட்டு எழும்பும்; 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். அது கேட்டால் சரியாக அடிக்கிறாய். துணியை டேபிளில் கம் போட்டு ஒட்டிக்கொள். இல்லாவிட்டால் அதுவும் ஸ்கிரீனோடு எழும்பி, உருவம் இரட்டையாகிவிடும். இழுபடுகிற பனியன் துணியில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

துணியில் அடிக்க, சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள மெஷ் போதும். கோடு மெல்லியது என்றால் 77. பேப்பர் வேலைக்கான 120 வேண்டாம், துணிப் பெயிண்டில் இருக்கிற நிறத்தூள், அதாவது பிக்மெண்ட், அதில் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

நிறம் போனதற்குக் காரணம் சூடு போதாதது. காய்வது வேறு, சூட்டில் இறுகவைக்கிற கியூரிங் வேறு. பிக்மெண்ட் நூலுக்குள் ஊறுகிற சாயமல்ல, பெயிண்டில் உள்ள பைண்டர் என்கிற பசைதான் அதைத் துணியோடு பிடித்துவைக்கிறது. அந்தப் பைண்டர் இறுக 150 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். இங்கே அதற்கு மெஷின் இருக்கிறது. உன் அறையில் இஸ்திரிப் பெட்டிதான். நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளைத்தாளை மேலே போட்டு, நீராவி இல்லாமல், பருத்திக்கான சூட்டில் நகர்த்தி நகர்த்தித் தேய். ஒவ்வோர் இடத்துக்கும் சில நிமிடம் கொடு. அவசரம் உன் பிறவிக் குணம், தெரியும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அடிப்பதற்கு முன்பே அலசிவிடு. ஒரு துண்டை அடித்துத் துவைத்துப் பார்க்காமல் யாருக்கும் ஆர்டர் ஒப்புக்கொள்ளாதே.

ஸ்கிரீனில் உருவம் எடுக்கப் பூசுகிற எமல்ஷனில், அதை ஒளியில் இறுகவைக்கிற பைக்ரோமேட் உப்பைக் கலந்தால் கையுறை கட்டாயம். அது விஷம், தோலில் படக் கூடாது. மிஞ்சிய பெயிண்டை வழித்து டப்பாவில் போட்டு, ஸ்கிரீனைக் கழிவுத்துணியால் துடைத்த பிறகே தண்ணீர் காட்டு. அப்படியே சாக்கடையில் கழுவி விடுவது நமக்கு ஆகாது. சாயக்கழிவால் நம் நொய்யல் ஆறு எந்த நிறத்தில் ஓடியது என்பதை நீயே பார்த்திருக்கிறாய். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே முடங்கிப்போனது.

அம்மா நிலக்கடலை வறுத்து வைத்திருக்கிறாள். அந்தப் பார்சலிலேயே 43 மெஷ் கட்டிய சட்டம் ஒன்றும் வைக்கிறேன். விடுதி மாறப்போவதாகச் சொன்னாயே, புது விலாசத்தை உடனே அனுப்பு.

அன்புடன்,
அப்பா