மானிட்டரை முதலில் முடிவு செய்

அன்புள்ள கீதா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். ராத்திரி சாப்பிட்டு முடித்தால் வீட்டில் சத்தமே இல்லை, அதனால் எனக்கும் கேம் ஆட நேரம் கிடைக்கிறது.

நீ கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வயசில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்களாமே. கேட்கட்டும். இத்தனை வருஷம் மற்றவர்களுக்காகவே வாங்கிக்கொண்டிருந்தாய், இது உனக்காக.

நீ அனுப்பிய லிஸ்டைப் பார்த்தேன். ப்ராசஸர் உச்சத்தில் இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு சுமார், மானிட்டருக்கு நேரே ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த லிஸ்டை அப்படியே தலைகீழாகத் திருப்பு. மானிட்டரை முடிவு செய்யாமல் மற்ற எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் சுமார் 36.9 லட்சம். 4கே-யில் 83 லட்சத்தை நெருங்கும், அதாவது 1080பி-யைப் போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படத்திலும், இந்தப் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை படம் மாற்றுவது என்றால் ஒரு ஃப்ரேமுக்கு அதற்கு 16.7 மில்லிசெகண்டு கிடைக்கும். 144 ஹெர்ட்ஸில் 7 மில்லிசெகண்டுகூடக் கிடையாது. எத்தனை புள்ளி, எவ்வளவு வேகம் என்று தெரிந்தால்தான் எந்தக் கார்டு தாங்கும் என்று சொல்லலாம். கார்டு தெரிந்தால் பவர் சப்ளை எத்தனை வாட்ஸ், கேபினட் எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் தானாக வரும்.

உனக்குப் பிடித்தது காடு, மலை என்று நிதானமாகச் சுற்றித் திரிகிற கேம்கள். அதற்கு 240 ஹெர்ட்ஸ் தேவையே இல்லை. 27 அங்குலத்தில் ஒரு 1440பி மானிட்டர், 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் போதும், இலைகூடத் தெளிவாகத் தெரியும். ஆன்லைனில் போட்டி போட்டுச் சுடுகிற கேம் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அங்கே 1080பி-யில் ஹெர்ட்ஸ்தான் முக்கியம், ப்ராசஸருக்கும் வேலை அதிகம்.

ஆகவே ப்ராசஸரில் இரண்டு படி இறங்கு, அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடு. சமீபத்திய தலைமுறையில் ஆறு கோர் உள்ள ப்ராசஸர் உனக்குத் தாராளம். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் ப்ராசஸர்களில் பெயர் எக்ஸ்3டி என்று முடிகிறவை கேமுக்கென்றே கூடுதல் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) வைத்து வருபவை, நிஜமாகவே அருமையானவை. ஆனால் 1440பி-யில் நடுத்தரக் கார்டு இருக்கும்போது கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும், அந்த வித்தியாசம் பெரும்பாலும் உன் கண்ணில் படாது. கார்டு வாங்கும்போது அதன் சொந்த மெமரியைப் பார். புதிய கேம்களுக்கு 1440பி-யில் 8 ஜிபி இழுபறியாகிவிட்டது. நிறைந்துவிட்டால் படம் விட்டு விட்டு ஓடும், சுவரும் தரையும் மங்கலாகத் தெரியும். 12 அல்லது 16 ஜிபி உள்ளதாகப் பார்த்து வாங்கு.

ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது, 32 இருந்தால் கவலையில்லை. ஒரே ஸ்டிக்காக வேண்டாம், இரண்டாக வாங்கு. ரேமில் டிடிஆர்4 பழைய தலைமுறை, டிடிஆர்5 அடுத்தது. எல்லாவற்றையும் சொருகுகிற மதர்போர்டு டிடிஆர்4-க்கானது என்றால் அதில் டிடிஆர்5 ரேம் உட்காராது, நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ரைசன் ப்ராசஸர் உட்காருகிற சாக்கெட்டுகளில் 2022-இல் வந்தது ஏஎம்5. அந்த மதர்போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். ஆனால் பின்னால் வந்த ரைசன் 9000 வரிசையும் அதே சாக்கெட்டில் பொருந்துகிறது, நாளைக்கு ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ரெடிமேடாக வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றின் மாடலையும் எழுதித் தருவார்கள் என்றால். என் அண்ணன் பையன் அப்படி ஒன்று வாங்கிவிட்டு, கேம் திணறுகிறது என்று கூப்பிட்டான். போய்ப் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் ஒயர் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, மேலே மதர்போர்டில் சொருகியிருந்தது. அவ்வளவு பெரிய கார்டு சும்மா கிடக்க, ப்ராசஸருக்குள் இருக்கிற சின்ன கிராபிக்ஸில் கேம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே மாற்றிச் சொருகியதும் பையன் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் விண்டோஸ் செட்டிங்கைத் திறந்தால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் நிற்கிறது. பக்கக் கதவைக் கழற்றினால் ரேமும் ஒற்றை ஸ்டிக். நீ எந்த வழியில் வாங்கினாலும் இந்த மூன்றையும் உன் கையால் சரிபார்.

எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது பவர் சப்ளையில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதே. மற்றது எது கெட்டாலும் அதோடு போகும், இது கெட்டால் கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகலாம். டப்பாவில் 80 பிளஸ் கோல்டு என்று போட்டிருப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான முத்திரைதான். உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் எப்படி என்று அது சொல்லாது. அதனால் நீண்ட வாரண்டி உள்ளதாகவும், பிரித்துச் சோதித்தவர்கள் நல்லது என்றதாகவும் பார்த்து வாங்கு. ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய ஒயரை இன்னொன்றில் போடவே கூடாது. வாய் பொருந்தினாலும் உள்ளே இணைப்பு வேறாக இருக்கலாம், ஹார்டு டிஸ்க்கெல்லாம் கருகிப்போகலாம். கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 16 பின் கனெக்டர் உனக்கு வந்தால் இடைவெளி தெரியாத அளவுக்கு முழுசாக அழுத்து. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கார்டு வந்தபோது சில கனெக்டர்கள் உருகின, சரியாக உட்காராததும் அதற்கு ஒரு காரணம்.

பூட்டுகிற அன்று அவசரப்படாதே. எதையும் தொடும் முன் கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும். ப்ராசஸரின் மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து, அழுத்தாமல் வைத்துவிடு. லீவரைக் கீழே இறக்கும்போது கறகறவென்று சத்தம் வரும், உடைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கும். அது அப்படித்தான். ப்ராசஸர் மேல் உட்காருகிற கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடு. மதர்போர்டில் நான்கு ரேம் இடம் இருந்தால் பொதுவாக ப்ராசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான், எதற்கும் மேனுவலைப் பார்த்துக்கொள்.

முதல் தடவை ஆன் செய்ததும் விசிறிகள் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். உடனே அணைக்காதே. டிடிஆர்5 ரேமை மதர்போர்டு அப்போதுதான் பழக்கப்படுத்திக்கொள்கிறது, சில நிமிடம் ஆகலாம். படம் வந்ததும் பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் செட்டிங்குக்குள் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்று இருப்பதை ஆன் செய். இல்லையென்றால் ரேம் நீ வாங்கிய வேகத்தில் ஓடாது.

சரி, புது லிஸ்டை அனுப்பு. மானிட்டரை முதல் வரியில் போடு. கிராபிக்ஸ் கார்டின் நீளம், கூலரின் உயரம், கேபினட் அந்த இரண்டுக்கும் எவ்வளவு இடம் தருகிறது என்பதை மில்லிமீட்டரில் பக்கத்திலேயே எழுது, இல்லையென்றால் எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் வாங்கும்போது முனையில் காந்தம் உள்ளதாக வாங்கு. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி