தமிழ் ஆசிரியபீடங்களுக்கு: சீதுவவுக்கும் ஒரு நிருபரை அனுப்புங்கள்

கொழும்பிலிருந்து வெளிவரும் தமிழ் நாளிதழ்களினதும், தமிழ்த் தொலைக்காட்சி, வானொலிச் செய்திப் பிரிவுகளினதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளாகச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்ப்புச் செய்து சீவிப்பவன் நான். தொழிலின் நிமித்தம் இரு மொழிப் பத்திரிகைகளையும் தினமும் வாங்குகிறேன். வெள்ளவத்தையில் ஒரே கடையில், ஒரே பலகையில் பக்கத்துப் பக்கமாகக் கிடப்பவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தால், அவை ஒரே நாட்டில் ஒரே இரவில் அச்சானவை என்று நம்புவது கடினமாக இருக்கிறது.

கடந்த ஆண்டு ஒரு மாலை, பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா எங்கள் மேசையில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையைக் கையில் எடுத்தார். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் நடத்தும் போராட்டத்தின் படம் அதில் வந்திருந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படத்தில் ஒரு வயதான தாய் நெஞ்சோடு அணைத்திருந்த புகைப்படத்தை விரலால் தொட்டு, "இந்த அம்மா யாரைத் தேடுகிறார்?" என்று கேட்டார். மகனை என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். 1989 இல் அவருடைய அண்ணனை வீட்டிலிருந்து கூட்டிச் சென்றவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. அவருடைய அம்மாவும் அண்ணனின் படத்தை இப்படித்தான், மழையில் நனையாதபடி பொலித்தீன் உறைக்குள் வைத்து, ஓரங்களை மெழுகுதிரியில் உருக்கி ஒட்டி, அலுவலகம் அலுவலகமாகக் கொண்டு திரிந்தாராம். கிளிநொச்சிப் போராட்டம் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடங்கி இரண்டாயிரம் நாட்களைத் தாண்டிவிட்டது என்று நான் சொன்னபோது, அப்படியொன்று நடப்பதே தனக்குத் தெரியாது என்றார். அவர் நாள் தவறாமல் பத்திரிகை வாசிப்பவர்.

அவர் வாசிக்கும் பத்திரிகைகளின் குறையை அவற்றின் ஆசிரியர்களுக்குச் சிங்களத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்த மடல் நம்முடைய பக்கத்தைப் பற்றியது. ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அரசு ஒடுக்கியதும் நடந்த 1987 முதல் 1989 வரையான கொடுங்காலத்தில் பிள்ளைகளை இழந்த தெற்குத் தாய்மார் 1990 இல் மாத்தறையில் அன்னையர் முன்னணியை அமைத்ததையும், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1984 இல், யாழ்ப்பாணத்துத் தாய்மார் அதே பெயரில் திரண்டிருந்ததையும் நம் இளைய வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அருகே, சீதுவ ரத்தொழுவ சந்தியில், காணாமல் ஆக்கப்பட்டோருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 27 ஆம் திகதி குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. நான் வாங்கும் தமிழ்ப் பத்திரிகைகளில் அது ஒருமுறையேனும் முதற்பக்கத்துக்கு வந்ததை நான் கண்டதில்லை.

இத்தனைக்கும் இங்கே யாரும் பொய் எழுதவில்லை. எந்தச் செய்தி முதற்பக்கத்துக்கு வரும், எது பத்தாம் பக்கத்தில் கட்டச் செய்தியாக ஒடுங்கும், எது வெளிவராமலே போகும் என்று இரவு ஒன்பது மணிக்குச் செய்தி மேசையில் எடுக்கப்படும் முடிவுகள் வருடக்கணக்கில் சேர்ந்துதான், மற்றவர் யார் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் உருவாகிறது. சொற்களும் அப்படியே. ஓர் அரசியல்வாதியோ ஒரு பிக்குவோ சொன்ன வார்த்தைக்கு "தென்னிலங்கையில் கடும் எதிர்ப்பு" என்று தலைப்பிடுகிறோம். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மாத்தறைத் தாயும் அடங்கிவிடுகிறார், அண்ணனைத் தேடிய என் அயலவரும் அடங்கிவிடுகிறார். தமிழ் மட்டுமே வாசிக்கும் பிள்ளை ஒருவன், தெற்கில் தன் தாயைப் போல அழுதவர்கள் இருந்தார்கள் என்று அறியாமலே வளர்ந்துவிடுகிறான். அச்சில் இப்படி ஏற்படும் வெற்றிடத்தில்தான் வதந்திகள் புகுகின்றன. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது பேஸ்புக்கில் பரவியவற்றை நாம் மறந்திருக்க முடியாது. அதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக அந்த நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது.

இதை மாற்றுவதற்குப் புதிய நிறுவனமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. 1932 இல் தொடங்கிய தினகரனும் அதற்கு முந்திய சிங்கள நாளிதழான தினமினவும் லேக் ஹவுஸ் என்ற ஒரே கூரையின் கீழ் வெளிவருகின்றன. வேறு பல ஊடக நிறுவனங்களிலும் சிங்களப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. கிளிநொச்சி நிருபர் அனுப்பிய செய்தியை ஒரு மாடி கீழே கொண்டுபோய்ச் சிங்கள ஆசிரியரிடம் கொடுக்க முடியும். அங்கிருந்து ஒரு செய்தியைக் கேட்டு வாங்கிவரவும் முடியும். வாரத்துக்கு ஒரு முழுப் பக்கத்தை அதற்கென ஒதுக்குங்கள். அரசியல்வாதிகளின் அறிக்கைகள் அதில் வேண்டாம். மனிதர்களின் வாழ்க்கை வரட்டும். "தென்னிலங்கை" என்று எழுத வரும்போதெல்லாம், சொன்னவரின் பெயரையும் பதவியையும் எழுதும்படி உங்கள் உதவி ஆசிரியர்களுக்குக் கூறுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு உரிய ஊதியமும் கொடுங்கள். அவசரத்தில் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு எத்தனை கோபங்களைக் கிளப்பிவிடும் என்பதை என் தொழிலில் கண்கூடாகக் கண்டிருக்கிறேன்.

வருகிற ஒக்டோபர் 27 ஆம் திகதி காலை நான் சீதுவவில் இருப்பேன். பக்கத்து வீட்டு அக்காவும் அண்ணனின் படத்தோடு வருகிறார். உங்கள் நிருபருக்குச் சிங்களம் சரளமாக வராவிட்டால், கூட நின்று மொழிபெயர்த்துத் தருகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகன்